கொலைகாரன் வரைந்த படத்துக்கு விலை என்ன? குற்றப் பொருள் சேகரிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய நாணயம், தபால்தலை, பத்திரம் சேகரிப்பவர்களோடு பழகுகிறவன் நான். ஏலச் செய்தி ஏதாவது பேப்பரில் வந்தால் போதும், "கொலைகாரன் துப்பாக்கியைக்கூடவா காசு கொடுத்து வாங்குவாங்க?" என்று யாராவது போன் போட்டுவிடுவார்கள். சொன்னதையே சொல்லி அலுத்துப்போய், கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வரிசைப்படுத்தியிருக்கிறேன். பெரும்பாலும் அமெரிக்க, இங்கிலாந்துக் கதைகள்தான். சந்தை அங்கேதான் இருக்கிறது. நம் ஊர் விஷயம் பின்பாதியில் வரும்.

முதல்ல இது என்ன சார்? எதையெல்லாம் சேகரிக்கிறாங்க?

குற்றத்தில் நேரடியாகச் சம்பந்தப்பட்ட கத்தி, துப்பாக்கி, கார் ஒரு பக்கம். குற்றவாளி எப்போதோ வைத்திருந்த சட்டை, நாற்காலி, பள்ளிக்கூட நோட்டு இன்னொரு பக்கம். இவை தவிர, பிடிபட்ட பிறகு ஜெயிலில் உட்கார்ந்து எழுதிய கடிதம், வரைந்த படம், வெட்டிய முடி, நகம். ஆமாம், நகமும் விற்பனைக்கு வந்திருக்கிறது.

ஹூஸ்டன் நகரில் குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்காக வேலை பார்த்த ஆண்டி கஹான் என்பவர் இந்த வியாபாரத்துக்கு 'மர்டரபிலியா' என்று பெயர் வைத்தார். சட்டம் போடுகிறவர்கள் நம்ப வேண்டும் என்பதற்காக அவரே இப்படிப்பட்ட பொருள்களை வாங்கிக் கொண்டுபோய்க் காட்டினார். சண்டையெல்லாம் பெரும்பாலும் ஜெயிலில் உண்டாகும் சரக்கைப் பற்றித்தான். ஏனென்றால் கைதி உயிரோடு இருக்கும்வரை அது தீராது.

இன்டர்நெட் வந்த பிறகு வந்த கிறுக்குதானே இது?

இல்லை. 1827இல் இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் போல்ஸ்டெட் கிராமத்தில் மரியா மார்ட்டன் என்ற பெண்ணை அவள் காதலன் வில்லியம் கார்டர் கொன்று ஒரு தானியக் கொட்டகைக்குள் புதைத்தான். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அவனைத் தூக்கில் போட்டார்கள். அந்தக் கயிறு அங்குலம் ஒரு கினி (அந்தக் காலத்து இங்கிலாந்துப் பொன் நாணயம்) விலைக்குப் போனது என்பார்கள். கொட்டகையின் பலகைகளைப் பிய்த்துப் பல்குச்சி செய்து விற்றார்கள். மரியாவின் கல்லறைக் கல்லைச் செதுக்கிச் செதுக்கி எடுத்தே காலி பண்ணினார்கள். கார்டரின் வழக்கைப் பற்றிய ஒரு புத்தகத்துக்கு அவன் தோலாலேயே அட்டை போட்டிருக்கிறார்கள். பரி செயின்ட் எட்மண்ட்ஸ் ஊர் மியூசியத்தில் இன்றும் அதைப் பார்க்கலாம்.

1934 மே 23 அன்று அமெரிக்காவின் லூசியானாவில் பானி, கிளைடு என்ற கொள்ளைக்கார ஜோடியைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. செய்தி பரவிய சற்று நேரத்தில் கூடிய கூட்டம் பானியின் முடியையும் உடைத் துணியையும் வெட்டி எடுத்தது. ஒரு ஆள் கிளைடின் காதை அறுக்கப் பார்த்தார். அப்போது இன்டர்நெட் எங்கே இருந்தது?

இதை வாங்குறவங்க மனநிலை சரியில்லாதவங்களா?

நான் டாக்டர் இல்லை. டீக்கடையில் பேப்பரைப் பிரித்ததும் கொலைச் செய்தியைத்தான் முதலில் தேடுகிறோம். அதே ஆவல் கொஞ்சம் முற்றினால் பொருளைக் கையில் வைத்துப் பார்க்கத் தோன்றும். வாங்குகிறவர்களில் வரலாற்றுக்காரர்கள் உண்டு, மியூசியம் நடத்துகிறவர்கள் உண்டு, நாளைக்கு இரண்டு பங்கு விலைக்கு விற்கலாம் என்று கணக்குப் போடும் வியாபாரிகளும் உண்டு. கொலைகாரனையே கதாநாயகனாகக் கும்பிடுகிற சிலரும் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்குப் பேச்சு கிடையாது.

விலை எந்த அளவுக்குப் போகும்?

பெரிய விலையெல்லாம் காலம் கடந்த பொருளுக்குத்தான். பில்லி தி கிட் என்ற கொள்ளைக்காரனை 1881இல் ஷெரிஃப் பாட் காரெட் சுட்ட கோல்ட் (Colt) கம்பெனித் துப்பாக்கி 2021 ஆகஸ்டில் 60 லட்சம் டாலரைத் தாண்டியது. சிகாகோ தாதா அல் கபோனின் கைத்துப்பாக்கியை அதே ஆண்டு அவர் பேத்திகள் ஏலம் விட்டபோது 8,60,000 டாலருக்குப் போனது. பானி, கிளைடு உடலில் இருந்து எடுத்த இரண்டு துப்பாக்கிகள் 2012இல் மொத்தம் 5,04,000 டாலர்.

ஜெயில் கடிதங்களெல்லாம் இதன் பக்கத்தில்கூட வராது. ஒரே கைதி நூற்றுக்கணக்கில் எழுதித் தள்ளுவான். சரக்கு குவிந்தால் விலை நிற்காது.

சட்டப்படி இது குற்றம் இல்லையா?

பொருளை வைத்திருப்பது பொதுவாகக் குற்றம் இல்லை. கேள்வி எப்போதும் பணத்தைப் பற்றியது. 1976, 77இல் நியூயார்க்கில் ஆறு பேரைச் சுட்டுக் கொன்று 'சன் ஆஃப் சாம்' என்று தன்னை அழைத்துக்கொண்ட டேவிட் பெர்கோவிட்ஸ் பிடிபட்டதும், அவன் கதைக்குப் பதிப்பாளர்கள் பணத்தைக் கொட்டப்போகிறார்கள் என்று பயந்து 1977இல் நியூயார்க் மாநிலம் ஒரு சட்டம் போட்டது. குற்றவாளி தன் குற்றத்தைப் பற்றி எழுதிச் சம்பாதித்தால் அது பாதிக்கப்பட்டவர்களுக்குப் போக வேண்டும் என்பது அதன் சாரம். வேடிக்கை என்னவென்றால், அந்தச் சட்டம் பெர்கோவிட்ஸ் மீதே பாயவில்லை.

1991இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பேச்சுரிமைக்கு விரோதம் என்று அதை ரத்து செய்தது. எழுத்தின் உள்ளடக்கத்தைப் பார்த்துப் பணத்தைப் பிடிக்கிறது, சின்ன வயதில் பேரிக்காய் திருடியதை எழுதிய புனிதர் அகஸ்டின்கூட இதில் மாட்டுவார் என்பது நீதிமன்றத்தின் வாதம். பிறகு நியூயார்க் சட்டத்தைத் திருத்தி எழுதியது. 2001 திருத்தத்தின்படி கைதிக்கு எந்த வழியில் 10,000 டாலரோ அதற்கு மேலோ வந்தாலும் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தகவல் போக வேண்டும். அவர்கள் வழக்குப் போடலாம். டெக்சாஸ் போன்ற சில மாநிலங்கள் பொருள் விற்பனையையும் சேர்த்துச் சட்டம் செய்தன. நாடு முழுவதற்குமான சட்டத்துக்கு செனட்டர் ஜான் கார்னின் மசோதா கொண்டுவந்து பார்த்தார், நிறைவேறவில்லை.

ஈபேல கிடைக்குமா?

2001 மே மாதத்தில் ஈபே இணைய ஏலத் தளம் தடை போட்டுவிட்டது. கடந்த 100 ஆண்டுக்குள் கொலையால் பேர் எடுத்தவர்களின் பொருளுக்கு அங்கே இடமில்லை என்பது விதி. வியாபாரம் நின்றதா என்றால், இல்லை. இதற்கென்றே தனித் தளங்கள் முளைத்தன.

அப்போ நான் ஒரு படம் வாங்கினா, காசு கொலைகாரனுக்குத்தான் போகுதா?

யாரிடமிருந்து வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சிகாகோ பக்கம் 33 பேரைக் கொன்ற ஜான் வெயின் கேசி ஜெயிலில் கோமாளிப் படங்களாக வரைந்து தள்ளினான். குழந்தைகள் விழாவில் கோமாளி வேஷம் போட்டவன் அவன், தன்னையேதான் வரைந்தான். படங்கள் வெளியே போய்ப் பணமானபோது, ஜெயிலில் அவனுக்குச் சோறு போட்ட செலவுக்கு அந்தப் பணம் வர வேண்டும் என்று இல்லினாய் மாநிலம் 1993இல் வழக்குப் போட்டது. 1994 மே மாதம் அவனுக்கு மரண தண்டனை நிறைவேறியது.

இன்று கைமாறும் கேசி படத்தின் பணம் அவனுக்குப் போகாது, உண்மைதான். ஆனால் செத்தவன் படத்துக்குக் கிடைக்கும் விலைதான் உயிரோடு இருப்பவன் படத்துக்கு அளவுகோல். "கடைசி காசு எங்கே போய்ச் சேருது?" என்பதைத்தான் வாங்குவதற்கு முன் நான் கேட்கச் சொல்வேன். விற்கிறவர் மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

பாதிக்கப்பட்ட குடும்பத்துக்குப் பணம் போனா சரிதானே?

அப்படி ஒரு ஏலம் நடந்தது. 1978 முதல் 1995 வரை தபாலில் அனுப்பியும் நேரில் வைத்தும் குண்டுகளால் மூன்று பேரைக் கொன்ற 'யுனாபாம்பர்' டெட் கசின்ஸ்கியின் பொருள்களை 2011இல் அமெரிக்க அரசே இணையத்தில் ஏலம் விட்டது. போலீஸ் வரைந்த படத்தால் உலகுக்கே தெரிந்துவிட்ட அந்தத் தொப்பி வைத்த சட்டையும் கறுப்புக் கண்ணாடியும் 20,025 டாலர். தட்டச்சு இயந்திரம் 22,003. நாட்குறிப்புகள் 40,676. தாள்களில் பாதிக்கப்பட்டவர்களின் பெயர்களை மறைத்துத்தான் விற்க வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லியிருந்தது. குண்டு செய்யும் சாமான்கள் ஏலத்துக்கு வரவில்லை. மொத்த வசூல் 2,32,246 டாலர். அவன் கட்ட வேண்டிய நஷ்டஈடோ ஒன்றரைக் கோடி டாலர்.

தொகை போதாது என்பது வேறு விஷயம். அசல் பட்டியல், வெளிப்படையான ஏலம், பணம் போகும் இடம் தெரியும். இந்தத் துறையில் நான் பார்த்ததில் கொஞ்சம் நேர்மையான ஏற்பாடு இதுதான். ஆனாலும் எல்லாக் குடும்பமும் இதற்குத் தலையாட்டாது. தன் பிள்ளையைக் கொன்றவன் சட்டையை விற்ற காசு வேண்டாம் என்பவர்களும் இருப்பார்கள்.

வாங்கி எரிச்சுட்டா பிரச்சினை தீர்ந்துடுமே?

எரித்திருக்கிறார்கள். கேசி செத்த அடுத்த மாதமே, அவன் படங்களில் 25ஐ வாங்கி இல்லினாயின் நேபர்வில் ஊரில் பொதுவில் தீ வைத்தார்கள். சுமார் 300 பேர் கூடினார்கள், கொல்லப்பட்டவர்களின் குடும்பத்தாரும் வந்திருந்தார்கள். மில்வாக்கியில் தொடர் கொலைகாரன் ஜெஃப்ரி டாமரின் சாமான்களை, அவன் ஃபிரிட்ஜ் உட்பட, குடும்பங்களுக்காக ஏலம் விடத் திட்டமிட்டார்கள். நம் ஊர்ப் பெயர் இதற்கா அடிபட வேண்டும் என்று ஊர்ப் பிரமுகர்கள் 4,07,225 டாலர் திரட்டிக் குடும்பங்களுக்குக் கொடுத்து, 1996இல் எல்லாவற்றையும் வாங்கி அழித்தார்கள். எனக்குப் பிடித்த முடிவு இதுதான். குடும்பத்துக்குப் பணமும் வந்தது, சந்தைக்குச் சரக்கும் போகவில்லை.

அதே 1996இல் இங்கிலாந்தின் குளோஸ்டரில் தொடர் கொலைகாரன் ஃபிரெட் வெஸ்ட் வீட்டை இடித்தபோது செங்கல்லை எல்லாம் தூளாக்கி, மரத்தை எரித்துவிட்டார்கள். ஒரு கல்லைக்கூட யாரும் எடுத்துப்போகக் கூடாது என்பதற்காக.

ஒன்று மட்டும்: மிச்சம் இருப்பவற்றின் விலை இதனால் ஏறும்.

அசல்னு எப்படி நம்புறது? யாரோ பழைய சட்டையைக் காட்டி ஏமாத்தலாமே?

ஏமாற்றலாம், ஏமாற்றியிருக்கிறார்கள். பானி, கிளைடு செத்த கார் என்று ஒரே சமயத்தில் பல போலிக் கார்கள் திருவிழாக்களில் ஓடின. கொள்ளைக்காரன் ஜெஸ்ஸி ஜேம்ஸின் தாய் மகனின் கல்லறைக் கூழாங்கல்லை 25 சென்ட்டுக்கு விற்றாராம். தீர்ந்துபோனால் பக்கத்து ஓடையில் அள்ளிக் கொட்டிக்கொள்வாராம். இந்தச் சந்தையில் பொருள் எப்போதும் சாதாரணமானது. விலை, அதனோடு வரும் காகிதத்துக்கு.

கடைசிவரை பிடிபடாத லண்டன் கொலைகாரன் ஜாக் தி ரிப்பர் வழக்குச் சால்வையை எடுத்துக்கொள்ளுங்கள். 1888 செப்டம்பர் 30 அதிகாலையில் லண்டன் மைட்டர் சதுக்கத்தில் கொல்லப்பட்ட கேத்தரின் எடோஸ் உடலருகே ஏமோஸ் சிம்ப்சன் என்ற போலீஸ்காரர் எடுத்தது என்று குடும்பக் கதை. 2007இல் ஏலம் போனது. 2014இல் டிஎன்ஏ கிடைத்தது, கொலைகாரன் பிடிபட்டான் என்று உலகமெங்கும் செய்தி. இனி கிட்டப் போய்ப் பாருங்கள். சிம்ப்சன் மெட்ரோபாலிட்டன் போலீஸ். மைட்டர் சதுக்கமோ லண்டன் சிட்டி போலீஸின் எல்லை. எடோஸ் உடலில் இருந்தவற்றை ஒன்றுவிடாமல் பட்டியல் போட்டார்கள்: டீத்தூள் டப்பா, சர்க்கரை டப்பா, அடகுச் சீட்டு வைத்த கடுகு டப்பா வரை. அதில் இந்தச் சால்வை இல்லை. அபூர்வமானது என்று சொன்ன டிஎன்ஏ மாற்றம், எண்ணைத் தவறாகக் குறித்ததால் வந்தது. உண்மையில் ஐரோப்பியர்களிடம் அது சர்வசாதாரணம் என்று விஞ்ஞானிகள் காட்டினார்கள். ஆய்வுக்கூடத்தைவிட அந்தப் பழைய பட்டியல்தான் எனக்குப் பெரிய சாட்சி.

நேர்மாறான உதாரணம் நம்மிடமே இருக்கிறது. 1928 டிசம்பர் 17 அன்று லாகூரில் சாண்டர்ஸ் என்ற ஆங்கிலேயப் போலீஸ் அதிகாரியைச் சுட்ட வழக்கில் பகத் சிங்கின் .32 கோல்ட் துப்பாக்கி. பல்லாண்டு இந்தூரில் எல்லைப் பாதுகாப்புப் படை மியூசியத்தில் இன்னொரு பழைய துப்பாக்கியாகக் கிடந்தது. மேலே பூசிய கறுப்புப் பெயின்ட்டைச் சுரண்டியதும் 168896 என்ற எண் தெரிந்தது. வழக்கு ஆவணத்தில் இருந்த எண்ணோடு ஒத்துப்போனது. கதை, சான்றிதழ், "தாத்தா சொன்னார்" எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை.

ஏலத்துல ரசீதோட வாங்கின பொருள் நம்ம கையை விட்டுப் போகுமா?

போகும். கென்னடியைச் சுட்ட லீ ஹார்வி ஆஸ்வால்டின் உடலை 1981இல் தோண்டி எடுத்துப் பார்த்தார்கள். பழைய பெட்டி உளுத்துப்போயிருந்ததால் வேறு பெட்டியில் புதைத்தார்கள். பழைய பெட்டியை வைத்துக்கொண்ட சவ அடக்க நிறுவனம் 2010இல் அதை 87,469 டாலருக்கு ஏலத்தில் விற்றது. 1963இல் அந்தப் பெட்டியைக் காசு கொடுத்து வாங்கியவர் ஆஸ்வால்டின் அண்ணன். அவர் வழக்குப் போட்டார். 2015இல் டெக்சாஸ் நீதிபதி பெட்டி அண்ணனுக்கே சொந்தம் என்று சொல்லி, நஷ்டஈடும் கொடுக்கச் சொன்னார்.

ஆக, கேட்க வேண்டிய இரண்டாவது கேள்வி: "விற்கிறவருக்கு இது எப்படிச் சொந்தமாச்சு?" விஸ்கான்சினில் எட் கீன் என்ற கொலைகாரனின் கல்லறைக் கல்லை 2000இல் திருடினார்கள், அடுத்த ஆண்டு சியாட்டில் பக்கம் பிடிபட்டது. அதற்கும் ஒருவேளை அழகான சான்றிதழ் அச்சடித்திருப்பார்கள்.

மியூசியத்துல வச்சா மட்டும் அது கௌரவமா?

மியூசியத்துக்கு மியூசியம் வித்தியாசம். ஸ்காட்லாந்து யார்டின் குற்ற மியூசியம் 1870களில் போலீஸ்காரர்களுக்குப் பாடம் நடத்த ஆரம்பித்தது, பொதுமக்களுக்குத் திறப்பதில்லை. 2015இல் லண்டன் மியூசியத்தில் ஒருமுறை அதன் பொருள்களைக் காட்சிக்கு வைத்தபோது, தனிப்பட்ட கொலை வழக்குகளை 1975ஓடு நிறுத்திக்கொண்டார்கள். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வந்து பார்த்துப் புண்படக் கூடாது என்ற யோசனை எனக்குச் சரியாகவே படுகிறது. டிக்கெட் வாங்கிக்கொண்டு தொடர் கொலைகாரன் டெட் பண்டியின் காரைக் காட்டும் டென்னசி மியூசியமும் இருக்கிறது. சிகாகோவில் 1929 காதலர் தினத்தன்று ஏழு பேரை நிற்க வைத்துச் சுட்ட சுவரின் செங்கற்களை ஒரு கனடாக்காரர் வாங்கி, சில காலம் தன் இரவு விடுதியின் ஆண்கள் கழிப்பறையில் பதித்திருந்தார். இப்போது லாஸ் வேகாஸ் மியூசியத்தில் அவை மரியாதையாக நிற்கின்றன. கல் அதே கல்தான்.

மதுரை காந்தி மியூசியத்துல இருக்கிற ரத்தக்கறை வேட்டியும் இதே கணக்குதானா?

இல்லை என்பேன். அந்தத் துணியைப் பார்க்கப் போகிறவர் கோட்சேயைப் பார்க்கப் போவதில்லை. டெல்லியில் இருக்கும் இந்திரா காந்தியின் ரத்தக்கறைச் சேலையும், ஸ்ரீபெரும்புதூரில் கொல்லப்பட்டபோது ராஜீவ் காந்தி அணிந்திருந்தவற்றில் மிஞ்சியதும் அப்படித்தான். இறந்தவரின் பொருளையும் கொன்றவனின் பொருளையும் ஒரே கூடையில் போடக் கூடாது.

ஆனால் விற்பனைக்கு வந்தால் இங்கேயும் சிக்கல்தான். 2012 ஏப்ரலில் இங்கிலாந்தில் ஒரு ஏலத்தில், காந்தி சுடப்பட்ட இடத்தில் எடுத்த ரத்தம் பட்டதாகச் சொல்லப்பட்ட மண்ணும் புல்லும் 10,000 பவுண்டுக்குப் போயின. முன்னாள் மத்திய அமைச்சர் கமல் மொரார்கா வாங்கி இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். அந்த மண்ணுக்கு இருந்த முக்கிய ஆதாரம் எடுத்தவரின் எழுத்து. நல்லவர் பெயர் சம்பந்தப்பட்டிருப்பதால் காகிதத்தைச் சோதிக்காமல் விட்டுவிட முடியாது.

பகத் சிங் துப்பாக்கியை 'குற்றப் பொருள்'னு சொல்றீங்களே, நியாயமா?

அன்றைய கோர்ட் அப்படித்தான் குறித்துவைத்தது, அதனால்தான் மேலே சொன்ன எண் நமக்குக் கிடைத்தது. மணியாச்சியில் 1911இல் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதனும் அரசாங்கப் பதிவில் கொலையாளிதான். எந்தப் பெயர்ப்பலகை மாட்டுவது என்பதை மியூசியம் முடிவு பண்ணட்டும். சேகரிப்பவருக்கு அந்தக் கோர்ட் ஆவணம் தங்கம்.

நம்ம ஊர்ல போலீஸ் ஏலம் விடுற வண்டி கொலை கேஸ் வண்டியா இருக்குமா?

அந்த ஏலங்களில் வருபவை பெரும்பாலும் மதுவிலக்கு வழக்கில் பறிமுதலானவை, உரிமை கோர ஆளில்லாமல் நிற்பவை. கொலை வழக்கில் கைப்பற்றிய பொருள் மகஜரில் ஏறி, கோர்ட்டில் சான்றுப் பொருளாக எண் பெறும். வழக்கு முடிந்ததும் உரியவரிடம் திருப்புவதா, அரசுடைமையா, அழிப்பதா என்று கோர்ட்தான் உத்தரவு போடும். அந்த உத்தரவு இல்லாமல் "ஸ்டேஷன்ல இருந்து வந்தது" என்று யாராவது எதையாவது நீட்டினால் அது திருட்டுப் பொருள். தொடாதீர்கள்.

ஆட்டோ சங்கர் ஜெயில்ல எழுதினதை விற்றாங்களே, அது மட்டும் எப்படி?

விற்றது கையெழுத்துப் பிரதியை இல்லை, அச்சிட்ட கதையை. ஆறு கொலைகளுக்காகத் தூக்குத் தண்டனை பெற்ற சங்கர் செங்கல்பட்டு ஜெயிலில் தன் வாழ்க்கையை எழுதினார். அதிகாரிகள் பலரின் தொடர்பு அதில் வருவதாகப் பேச்சு. நக்கீரன் அறிவித்ததும் சிறைத்துறை தடுக்கப் பார்த்தது. 1994 அக்டோபர் 7 அன்று உச்ச நீதிமன்றம், பொதுப் பதிவுகளில் இருக்கும் அளவுக்கு அனுமதி இல்லாமலே வெளியிடலாம், அதற்கு மேல் போனால் அந்தரங்க உரிமை குறுக்கே வரும், அரசு முன்கூட்டியே தடுக்க முடியாது என்றது. 1995 ஏப்ரலில் சேலம் சிறையில் தூக்கு நிறைவேறியது. மேலே சொன்ன நியூயார்க் சட்டம் மாதிரி பணத்தைப் பற்றிய கேள்வி இந்த வழக்கில் மையமாக வரவே இல்லை.

வீட்ல வச்சா தோஷம் உண்டா?

வீட்டுக்காரம்மாவைக் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் அதுதான் தோஷம்.

எங்க தாத்தா பழைய போலீஸ். பரண்ல ஒரு டிரங்குப் பெட்டி இருக்கு, உள்ளே துப்பாக்கி மாதிரி ஒண்ணும் கொஞ்சம் பேப்பரும். என்ன பண்றது?

துப்பாக்கியை எடுத்து விளையாட வேண்டாம், முகநூலில் படம் போடவும் வேண்டாம். சுடக்கூடியது என்றால் 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் வைத்திருப்பது குற்றம். ஒரு வக்கீலை வைத்து, எங்கே எப்படிக் கிடைத்தது என்று எழுத்தில் கொடுத்து, ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். காலாவதியான, சுட முடியாத பழைய ஆயுதம் என்றால் சட்டத்தில் விலக்கு உண்டு. ஆனால் அதை முடிவு பண்ண வேண்டியவர் நீங்கள் இல்லை.

பேப்பரைத் தூக்கிப் போடாதீர்கள். அரசு ஆவணம் என்றால் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் விசாரிக்கலாம். தாத்தாவின் சொந்த நாட்குறிப்பு, போட்டோ என்றால் உங்களுடையதுதான். எழும்பூரில் பழைய கமிஷனர் அலுவலகத்தில் 2021இல் திறந்த காவல் மியூசியமும் இருக்கிறது.

யாரையும் நோகடிக்காம, இந்த வகையில நம்ம ஊர்ல சேகரிக்க ஏதாவது இருக்கா?

கொலைச் சிந்து. ஒரு ஊரில் கொலை நடந்தால் சில நாளில் பாட்டாகக் கட்டி, மட்டமான காகிதத்தில் சின்னப் புத்தகமாக அச்சடித்து, சந்தையிலும் ரயிலிலும் பாடிக்கொண்டே அணாக் கணக்கில் விற்றார்கள். சென்னை குஜிலிக் கடையில் இருந்து இப்படி எத்தனையோ வந்தன. கொலைகாரனுக்கு அதில் காலணா போனதில்லை. பாதிக்கப்பட்டவரைப் பற்றி, முக்கியமாகப் பெண்களைப் பற்றி, சில சிந்துகள் எழுதியிருப்பது படிக்கச் சகிக்காது. அதுவும் அந்தக் காலத்துச் சாட்சிதான்.

வாங்கினால் முதலில் பின்னைக் கழற்றுங்கள், துருதான் தாளைத் தின்கிறது. பிளாஸ்டிக் லேமினேஷன் வேண்டவே வேண்டாம். ஸ்கேன் எடுத்துக்கொண்டு, தரமணி ரோஜா முத்தையா நூலகத்தில் அதே பிரதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அவர்களுக்கும் ஒரு நகல் கொடுங்கள். அட்டை போய், அச்சகப் பெயரும் ஆண்டும் இல்லாத பிரதிக்கு, விற்கிறவர் எந்தக் கொலையின் பெயரைச் சொன்னாலும், அதிக விலை கொடுக்காதீர்கள்.